பதின்மூன்றாவது புட்டி

திஸா ஆற்றில் பனிக்கட்டி உடைந்த மூன்றாம் நாள்
தோணித்துறைக் கம்பியில் மாட்டிக் கிடந்தான் கெவெ.
முகம் கீழே, முதுகு மேலே.
ஆறு ஆட்களைத் தூக்கிவரும் விதமே அப்படித்தான்.
நெற்றியும் முழங்காலும் மணலில் தேய்ந்திருந்தன.
அந்தக் காயங்களில் ரத்தம் கட்டவில்லை.
செத்த பிறகு பட்டவை என்று குறித்துக்கொண்டேன்.

குடித்திருந்தான், தோணியிலிருந்து தவறிவிட்டான்
என்றான் தம்பி ஆர்மின்.
குடித்திருந்தது உண்மை.
மூக்கில் வெள்ளை நுரை,
ஊதிப்போன நுரையீரலில் விலா எலும்பின் தடம்.
மூழ்கிச் செத்ததும் உண்மை.
இரண்டு உண்மை சேர்ந்தால் ஒரு கோப்பை மூடிவிடலாம்.
இன்ஸ்பெக்டர் ஜோம்போர் பேனாவைத் திறந்தும் விட்டார்.

நான் தொடை எலும்பைக் கேட்டேன்.

நீர்மேல் எழுதினால் நிற்காது.
நீர் எழுதினால் நிற்கும்.

எலும்பைப் பிளந்து மஜ்ஜையை வழித்து
நைட்ரிக் அமிலத்தில் இரவெல்லாம் கொதிக்கவிட்டால்
கொழுப்பு போகும், ரத்தம் போகும்,
கடைசியாகக் குடித்த பாலிங்கா போகும்.
கண்ணாடி போகாது.
டயாட்டம்:
கண்ணாடியில் வீடு கட்டிக் குடியிருக்கும் பாசி.
கடுகை நூறாய் நறுக்கினால் ஒரு துண்டின் நீளம் இருக்கும்.
பிணத்தை நீரில் போட்டால்
நுரையீரல் வரை போய் நின்றுவிடும்,
வாசலில் கூப்பிட ஆளில்லாத விருந்தாளி மாதிரி.
நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தால் மட்டுமே
ரத்தம் அதைத் தூக்கிக்கொண்டு எலும்புக்குள் ஓடும்.

கெவெயின் மஜ்ஜையில் பதினேழு எண்ணினேன்.
பதினேழையும் அவன் இதயமே
கொண்டுபோய் வைத்திருக்கிறது.

பன்னிரண்டு புட்டிகளில் ஆற்றை மொண்டுவரச் சொன்னேன்,
பாலத்தடி, கரும்பாலைக்குக் கீழே, துறைக்கு மேலே.
பங்குனிக் குளிரில் ஆறு முழுக்க
நாணயம் போல வட்ட வட்டமாய்.
அவனுடையவை ஒல்லி, இடுப்பு சிறுத்தவை.
ஒன்றுகூட ஆற்றுக்காரி இல்லை.

"பாசிக்கு ஊர் உண்டா?" என்று கடிந்தார் ஜோம்போர்.
உண்டு. வீட்டு விலாசம்கூட உண்டு.

இரண்டு நாள் ஆளைக் காணோம்.
மூன்றாம் நாள் முழங்கால் வரை சேறுடன் வந்து
கோட்டுக்குள்ளிருந்து ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்தார்.
துறையிலிருந்து ஆறு கிலோமீட்டர்.
வெந்நீர்க் கிணற்றில் இறைத்துக் கெளுத்தி வளர்க்கும் குளம்.
பத்திரத்தில் இரண்டு பெயர்,
அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று.
ஜாடியை ஏன் நெஞ்சோடு வைத்து எடுத்துவந்தார்
என்று நான் கேட்கவில்லை.
தொட்டால் இன்னும் சூடு இருந்தது.

அதே ஒல்லி. அதே இடுப்பு.

"நீரடித்து நீர் விலகுமா?" என்றார்.
அவருக்கு மூன்று அண்ணன்கள்.

அறிக்கையை நான் தட்டச்சு செய்யவில்லை இன்னும்.
துணிமணி வாங்க வந்திருந்தாள் எதெல்கா,
பெற்றவள்.
பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள்.
ஒரு பூட்சு மட்டும் இருந்தது, மற்றது ஆற்றோடு.
அதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"ரொம்பக் குளிர்ந்திருக்குமா அவனுக்கு?"

சொல்லக் கூடாது.
கையெழுத்து ஆகும் வரை யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது.
இருபத்திரண்டு வருஷம் சொன்னதில்லை.

"இல்லை," என்றேன்.
"தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது."

ஒரு மூச்சு விட்டாள். நல்ல மூச்சுதான்.
முகம் கொஞ்சம் இளகியது, நன்றி என்று வாயெடுத்தாள்.

பிறகு அவளுடைய வலது கை
மடியிலேயே மெல்லத் திரும்பியது.
முப்பது வருஷமாய்ப் பனிக்காலத்திலும்
அந்தக் குளத்தில் வலை அலசிய கை.
அதன் சூடு முழங்கை வரை தெரிந்த கை.

ஆர்மின் வாசலில்
வண்டியை அணைக்காமல் காத்திருந்தான்.
இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.